திருக்கைத் தோலும் மரத் துவக்கும்

ஓகஸ்ட் 19

ஸஹாப்தீன் நானா துறைமுகப் பக்கத்துத் தன் கடைக்கு வரச் சொன்னார். நாங்கள் செய்து கொடுத்த கைத்துவக்கு உறையைக் கொழும்பில் ஒருவர் வாங்கியிருந்தார். அதே மாதிரி இன்னொன்று கேட்கிறாராம். நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான் நானா மிச்சத்தைச் சொன்னார்.

“அந்த அக்காட கையாலயே செய்யச் சொன்னாரு.”

அக்காவாம்! என் பெண்சாதி பூரணி. தோல் வெட்டியது நான், அச்சுப் பிடித்தது நான். அவள் மேலே ஒரு துண்டுத் திருக்கை மீன் தோலை வைத்துத் தைத்தாள். அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 20

நித்திரை இல்லை. அச்சுப் பிடிப்பது லேசான வேலையா? மாட்டுத்தோலை நனைத்து, நான் செதுக்கிய மரத் துவக்கை உள்ளே வைத்து அழுத்த வேண்டும். துவக்கு டக்கென்று உட்கார வேண்டும், கவிழ்த்தாலும் விழக்கூடாது. எல்லாம் ஈரத்தில் இருக்கிறது. தோலைக் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், கன்னம் நனையக்கூடாது. இது யார் கண்ணுக்குத் தெரிகிறது? மேலே மினுங்குவதைத்தான் பார்க்கிறார்கள்.

சல்லிக் கடற்கரையிலிருந்து அவளுடைய தம்பி புதுத் திருக்கைத் தோல் கொண்டுவந்தான். கறுப்பு, மணல் போலச் சின்னச் சின்ன மணிகள், நடுவில் ஒரு பெரிய வெள்ளை மணி. வடிவுதான். வாயால் சொல்ல மனம் வரவில்லை.

ஓகஸ்ட் 23

உறை பார்க்க இரண்டு பேர் வந்து பூரணியோடு மட்டும் கதைத்துவிட்டுப் போனார்கள். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

ஓகஸ்ட் 27

பூரணி தாயோடு வெருகல் கோயிலுக்குப் போய்விட்டாள். புது உறையைத் தொட வேண்டாம், தான் வந்து தைப்பதாகச் சொன்னாள். தொட வேண்டாமாம். என்ர மேசையில, எனக்கு!

ஓகஸ்ட் 28

தொட்டேன்.

ஊசி இறங்கவே இல்லை. முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. அவள் தைக்கும்போது இறங்குகிறதே? தைக்க முதல் தோலைக் குசினிக்குக் கொண்டுபோய் என்னவோ செய்வாள். நான் கேட்டதில்லை. கேட்பேனா? கோபத்தில் குத்தூசியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். தோல் பிளந்து, வெள்ளை மணி தெறித்து எங்கேயோ போய்விட்டது.

பின்னேரம் – உறையை ஒளிக்கக் கழிவுத் தோல் சாக்குக்குள் கையை விட்டேன். அடியில் வேறு இரண்டு உறைகள் இருந்தன. நான் செய்தவை இல்லை. மரத் துவக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கடகடவென்று ஆடியது, மற்றதில் போகவே இல்லை.

அடி கள்ளி. நான் சந்தைக்குப் போகிற நேரமெல்லாம் இதுதானா வேலை? விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிக்க ஏலாமல் போய்விட்டது.

ஓகஸ்ட் 30

குசினி மேசையில் மூன்று உறைகளும் வரிசையாக இருந்தன. அவள் வந்ததும் வராததுமாகச் சாக்கைக் கிளறியிருக்கிறாள்.

“எத்தினை ஊசி முறிஞ்சது?”

“ஒண்டு.”

“பொய்.”

தைக்கிற இடத்தில் தோலின் மணிகளை அரத்தால் தேய்த்துவிட்டால்தான் ஊசி இறங்குமாம். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என்னை நேரே பார்த்தாள்.

“சொன்னால் எனக்கெண்டு என்ன மிச்சம்?”

அவளுடைய இரண்டு உறைகளைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 4

அவளுடைய தம்பி வேறு தோல் தந்தான். இந்த முறை மணி தேய்த்தது நான், தைத்ததும் நான். கோணல்தான், ஆனால் ஊசி இறங்கியது. அவள் பக்கத்தில் நின்று காட்டித் தந்தாள்.

பிறகு அச்சுப் பிடிக்கத் தான் பழக வேண்டும் என்றாள். ஓம் என்று மரத் துவக்கைக் கையில் கொடுத்தேன். பழந்தோல் ஒன்றில் அழுத்தினாள். டக் சத்தம் வரவில்லை. திரும்ப நனைத்தாள், திரும்ப அழுத்தினாள். வரவில்லை.

“இஞ்சேருங்கோ, நீங்கள் ஏன் தோலைக் கன்னத்தில வைக்கிறனீங்கள்?”

“சும்மா. ஒரு பழக்கம்” என்றேன்.