உங்கள் காதில் சில்வண்டு, என் காதில் கடல்

என் அன்பான உங்களுக்கு,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகவில்லை. எழுதும்போதும் கை வரவில்லை. எப்போதும் போல "என்னங்க" என்றே கூப்பிடுகிறேன். இங்கே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வட்டகொடையில் மழை இன்னும் விடவில்லை. காலையில் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை மலைக்குப் போனால், பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவளின் முகம்கூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். வளையல் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த வெள்ளைக்குள் நிற்கும்போது, நாலு செடி தள்ளி நீங்களும் நிற்பதாகத் தோன்றும். கூப்பிட்டால் கேட்குமா? உயிரோடு இருந்தபோதே உங்களுக்குப் பாதிப் பேச்சு கேட்காது.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் நம் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவுக்கு மருமகளாக வந்திருக்கும் சரசு என்னிடம் வந்தாள். பிள்ளை பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது. "அக்கா, காதுக்குள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. வெளிய சொன்னா பேய்ங்கிறாங்க" என்று அழுதாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சத்தம் கேட்கிறபடியே விரலால் தட்டச் சொன்னேன். நாடி துடிக்கத் துடிக்க அவள் விரலும் தட்டியது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் குறைவு என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். பெண் இப்போது பயம் தெளிந்து இருக்கிறாள்.

அவள் நாடியைப் பிடித்ததிலிருந்து எனக்குப் பழைய நாட்களாகவே வருகிறது.

தோட்டத்து ஆட்களான நமக்கு இனி ஓட்டு இல்லை என்று சட்டம் ஆன அடுத்த வருஷம் மூத்தவள் பிறந்தாள். மூன்று மாதப் பிள்ளையை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் நான் கொழுந்துக்குப் போனேன். நீங்கள் தேயிலைத் தூள் ஆக்கும் ஸ்டோரில், கொழுந்து உருட்டும் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர். விடிவதற்கு முன்பே போய்விடுவீர்கள். ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் கண்ணை மூடிவிட்டாள். பூனைக்குட்டி மாதிரி அத்தனை சின்ன உடம்பு. நீங்கள்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சாயந்திரம் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மனதில் கிடந்ததை முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், அடுப்பைப் பார்த்தே சொன்னேன்.

"அன்னைக்குக் காலையிலயே புள்ளைக்கு ஒடம்பு சுட்டுச்சுங்க. தெரிஞ்சேதான் வேலைக்குப் போனேன். பேர் கூப்புடுற பெரட்டுக்குப் பிந்துனா திருப்பி அனுப்பிருவாங்கன்னு போயிட்டேன்."

நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. தட்டில் ரொட்டி பிய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் சம்பல் வையி" என்றீர்கள். அவ்வளவுதான். இவருக்கு என்னை மன்னிக்க மனமில்லை, அதைச் சொல்லவும் மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வேன்?

அதற்குப் பிறகுதான் என் காதில் அந்தச் சத்தம் வந்தது. முதலில் வலது காதில். உஸ்... உஸ்... என்று, ஏதோ பெரியது வந்து வந்து திரும்பிப்போகிற மாதிரி. மலை ஏறும்போது வேகமாகும். உட்கார்ந்தால் மெதுவாகும். கொழுந்து பறிக்கும் கை தன்பாட்டில் பறிக்க, பனிமூட்டம் காலடியில் தண்ணீராகப் பரவ, நான் எங்கோ ஒரு கரையோரமாக நடந்துபோய்க்கொண்டிருப்பேன். நிரை முடிவதே தெரியாது. கங்காணி அதட்டும் குரலும் அலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசற்படியில் எதிரெதிரே உட்கார்ந்து உங்களிடம் சொன்னேன்.

"காதுக்குள்ள கடல் சத்தம் கேக்குதுங்க."

"நீ கடல எங்க புள்ள பார்த்த?"

"எங்கம்மா கப்பல்ல வந்த கதையச் சொல்லியிருக்கு. இப்புடித்தான் இருக்குமாம்."

நீங்கள் சிரித்தீர்கள். பிள்ளை போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தீர்கள். "எனக்கு நாலஞ்சு வருசமா சில்வண்டு கத்துது. யாருகிட்டயும் சொல்லல. அப்ப நான் காட்டுக்குள்ள இருக்கேன், நீ கடக்கரையில இருக்க" என்றீர்கள். உங்கள் சில்வண்டு நிற்காமல் கத்துமாம். என் கடல் விட்டு விட்டு வரும். இரண்டையும் நாம் வாயால் ஒலித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அத்தை பார்த்துவிட்டார்கள்.

அத்தையைக் குறை சொல்லவில்லை. அவர்களும் பேத்தியைப் பறிகொடுத்தவர்கள். வெங்காயச் சாறு விட்டார்கள், எண்ணெய் காய்ச்சி விட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை என்றதும், "செத்த புள்ள பால் கேட்டுக் கூப்புடுது. கோடாங்கிய வரச் சொல்லி, வெள்ளிக்கிழமை உடுக்கடிச்சு எறக்கணும்" என்று முடிவு கட்டினார்கள். நான் மறுக்கவில்லை. என்னைக் கூப்பிட அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது என்றே நினைத்தேன். கூப்பிட்டால் போய்விடுவது என்றுகூட ஒரு எண்ணம் உள்ளே இருந்தது. இதை இன்றைக்குத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் அத்தையிடம் சண்டை போடவில்லை. வியாழக்கிழமை காலை வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்பு" என்றீர்கள். ரயிலேறிக் கொட்டகலையில் இறங்கி, மழையில் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

அந்தச் சிங்கள டாக்டரை நினைவிருக்கிறதா? தமிழைத் தேடித் தேடிப் பேசுவாரே. காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "காதுல சத்தம் வர நெறய காரணம் இருக்கு அம்மா. அழுக்கு அடைச்சா வரும். பூச்சி போனா வரும். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து அளவுக்கு மேல சாப்பிட்டா வரும். ஒங்க காதுல ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சத்தத்தின்படி மேசையில் தட்டச் சொன்னார். தட்டினேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்ததாம்.

"இது பேய் இல்ல. ஒங்க ரத்தம் ஓடுற சத்தம். ஒடம்புல ரத்தம் கொறஞ்சு, தண்ணி மாதிரி ஆகி, வேகமா ஓடுது. வெறுங்கால்ல நடக்கிறீங்க, குடல்ல புழு இருக்கு. பிள்ளையும் பெத்திருக்கீங்க. மருந்து சாப்பிட்டா போகும்."

என் ரத்தம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு நிம்மதிக்குப் பதிலாக அழுகைதான் வந்தது.

டாக்டர் திரும்பி நின்று கை கழுவிக்கொண்டே, "ஐயாவுக்கு எப்படி, ஒடம்பு நல்லமா?" என்று கேட்டார். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுபடியும் கேட்டார். நீங்கள் அசையவில்லை. அவர் உங்கள் பின்னால் போய் நின்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு காதில் வைத்தார், மற்றக் காதில் வைத்தார். உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் மெஷின் வேலையையும் சில்வண்டையும் நான் சொன்னேன். "மெஷின் சத்தம் காது நரம்பைத் தின்னுட்டுது. அந்தச் சில்வண்டு போகாது. முகத்தப் பார்த்துப் பேசினா இவருக்கு வெளங்கும். பின்னால நின்னு பேசினா பாதி கேக்காது" என்றார்.

எனக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. ரொட்டி ஞாபகம் வந்தது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்த மௌனம் ஞாபகம் வந்தது.

கொட்டகலை ஸ்டேஷன் பெஞ்சில் உங்கள் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். நாலு பேர் பார்ப்பார்கள் என்று அன்றைக்கு வெட்கப்படவில்லை. "என் வாயப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அன்று அடுப்பிடம் சொன்னதை முதலிலிருந்து சொன்னேன்.

நான் முடிக்கும்வரை நீங்கள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நான் தொட்டுப் பார்த்தேன் மீனாச்சி. சுட்டுச்சு. ஒன்னைய எழுப்பிச் சொல்லலாம்னு நெனச்சேன். ஸ்டோர்ல சங்கு ஊதிட்டான்னு போயிட்டேன். ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தன நாளா இருக்கேன்."

யார் யாரை மன்னிப்பது? நம் ரயில் வந்து நின்று, புறப்பட்டும் போய்விட்டது. உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. அடுத்த ரயில் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு மாதத்தில் என் கடல் வற்றிவிட்டது. ஒரு காலையில் எழுந்து, எதுவும் கேட்காமல் பயந்துபோனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் சில்வண்டுதான் கடைசிவரை போகவில்லை. டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டி, மெஷினை விட்டு மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலைக்கு மாறினீர்கள். காது மேலும் மோசமாகவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி உங்களைக் கொண்டுபோகும்வரை, என் முகத்தைப் பார்த்து நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டீர்கள். இப்போதாவது அங்கே அமைதியாக இருக்கிறதா?

இளையவள் ராசாத்திக்குப் பன்னிரண்டு நடக்கிறது. போன வாரம் சரசுவின் கைக்குழந்தையோடு நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏம்மா அந்தப் புள்ளைய அப்புடித் தூக்கி வச்சுக்கிட்டு அழுதீங்க?" என்று கேட்டாள். அடுப்பைக் கிளறிக்கொண்டே, "புகைடி" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு அக்கா இருந்ததை நாம் இரண்டு பேரும் அவளிடம் சொல்லவே இல்லையே.

இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவேன். அவளை எதிரே உட்கார வைத்து, உடம்பு சுட்டதையும், தெரிந்தும் நாம் இருவரும் வேலைக்குப் போனதையும் ஒளிக்காமல் சொல்வேன். அவள் கோபப்பட்டால் கோபப்படட்டும். உங்கள் பங்கையும் நானே கேட்டுக்கொள்கிறேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அம்மா,
மீனாட்சி