பகல் தூக்கமும் கிராபிக்ஸ் கார்டும்

மார்ச் 3, செவ்வாய்

எண்பத்து நான்கு டிகிரி. எனக்கல்ல, கிராபிக்ஸ் கார்டுக்கு. எனக்கு இதில் பாதி ஏறியிருந்தால் என் மனைவி ஊசியோடு ஓடி வந்திருப்பாள். அவள் நர்ஸ்.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது என் தொழில். கையெழுத்துப் போடும் முன்பே வீட்டுக்காரர் தன் பால்கனியில் மாலை வெயில் விழுவதைப் பார்த்துவிட வேண்டும். அந்த வெயிலைக் கணக்குப் போடுவது கார்டு. ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் அதற்கு மேல்மூச்சு வாங்கும், அதன் மூன்று விசிறிகளும் சேர்ந்து கத்தும். படம் முடிந்தால் அடங்கும். அடுத்த படத்துக்கு மறுபடியும் கத்தும். எனக்குப் பழகிவிட்டது. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவளுக்குப் பழகவில்லை.

அவளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு டியூட்டி. அவள் வந்து கண்ணை மூடும் நேரத்தில்தான் நான் வேலையைத் திறக்கிறேன். இருப்பதோ ஒரே அறை.

இன்று பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தாள். "நான் அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வரேன்" என்றாள். கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

மார்ச் 4, புதன்

காரணம் தெரிந்துவிட்டது. காரணம் நான்தான்.

மேஜை செய்தபோது கம்ப்யூட்டர் பெட்டி கண்ணை உறுத்தக் கூடாது என்று தச்சரிடம் சொல்லி ஓர் அறை வைத்து, அதற்குக் கதவும் போட்டேன். "காத்துக்கு ஓட்டை வேணாமா?" என்று கேட்டார். "பார்க்க நல்லா இருக்காது" என்றேன். ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் ஜன்னலுக்கு நேர் ஜன்னல் வைத்துப் படம் போடுகிறவன், சொந்தக் கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

கதவைக் கழற்றினேன். எழுபத்தொன்பது. அவள் வந்தாள், குளித்தாள், டியூட்டிக்குப் போனாள். தலையணை வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பெட்டியைத் திறந்தேன். உள்ளே விசிறி இறக்கைகளில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. துடைத்தால் போகாது, ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் படும். அவளுடைய ஹேர் டிரையரை எடுத்துக் குளிர்ந்த காற்றில் வைத்து ஊதினேன். அற்புதமாக வேலை செய்தது. ஒரு துளி தூசி மிச்சமில்லை.

அது எங்கே போனது என்பதைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொடியில் அவளுடைய வெள்ளை யூனிஃபார்ம் இரண்டு செட் காய்ந்துகொண்டிருந்தது.

மார்ச் 7, சனி

இரண்டு முறை துவைத்தேன். கார்டு எழுபத்தாறு. யூனிஃபார்ம் இன்னும் சாம்பல் நிறம்தான்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று டியூட்டியில் நின்றபடியே கண் அசந்துவிட்டாளாம். கையில் மருந்துத் தட்டு. பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. "ஒண்ணும் ஆகல" என்று நான் கேட்காமலேயே மூன்று முறை சொன்னாள்.

அக்கா வீட்டில் சில நாள்தான் தூங்குகிறாள். மற்ற நாள் இங்கே முயற்சி செய்கிறாள், என் முகத்துக்காக. அந்த முயற்சியின் பலன்தான் நேற்றையது. "இனி தினமும் அக்கா வீட்டிலேயே படுத்துட்டு, அங்கிருந்தே டியூட்டிக்குப் போயிடறேன். ஆஸ்பத்திரியும் பக்கம்" என்றாள்.

நியாயம்தான். எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு விசிறிக்காகப் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 12, வியாழன்

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனேன். கார்டின் சில்லுக்கும் அதன் மேலிருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே சூடு கடத்தும் பேஸ்ட் ஒன்று இருக்குமாம், காய்ந்து போயிருக்கும், மாற்றுங்கள் என்றார். ஒரு சின்ன டியூப் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கார்டைப் பிரித்தேன். பழையதைச் சுரண்டினேன். புதியதைத் தாராளமாகப் பூசி மூடினேன். நான்கு பக்கமும் பிதுங்கி வழிந்தது.

மறுபடி கடை. அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், பேஸ்ட்டுன்னு சொன்னதும் பல் விளக்க எடுக்கிற அளவு எடுத்துட்டீங்களா?"

துடைத்துச் சரிசெய்து கொடுத்தார். எழுபத்தொன்று. அவமானத்துக்கு ஐந்து டிகிரி குறைந்திருக்கிறது.

மார்ச் 14, சனி

வெற்றி.

கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் போய், கார்டுக்குப் போகும் மின்சாரத்தை முக்கால் பங்காகக் குறைத்தேன். படம் முடிய முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஆனால் சூடு அறுபது பக்கம் இறங்கிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம்: சூடு குறைந்தால் விசிறிகள் தாமாகவே நின்றுவிடுகின்றன. முன்பு படம் ஓடும் நேரமெல்லாம் கத்திக்கொண்டிருந்தது, இப்போது எப்போதாவதுதான் கத்துகிறது. கொஞ்சம் சுற்றும், நிற்கும். மறுபடி கொஞ்சம் சுற்றும், நிற்கும். இடையில் அப்படி ஒரு நிசப்தம்.

போன் செய்தேன். "நாளைக்கு இங்க வந்து படு. ஊசி விழுந்தா கேட்கும்" என்றேன்.

"ஊசியைக் கீழ போடாதீங்க" என்றாள். வருகிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

வந்தாள். படுத்தாள். நான் செருப்பில்லாமல், மூச்சுக்கூட மெல்ல விட்டு வேலை பார்த்தேன். விசிறி சுற்றியது, நின்றது, சுற்றியது.

மதியத்துக்கு முன்பே எழுந்துவிட்டாள். கண் இரண்டும் கோவைப்பழம். "முன்னைவிட மோசமா இருக்கு" என்றாள்.

"சத்தமே இல்லையே!"

"தெரியல. என்னால முடியல."

போகும்போது பல் துலக்கும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போனாள். தலையணை போகலாம். தலையணை ஒரு விருந்தாளி மாதிரி, எங்கும் போகும், வரும். பிரஷ் அப்படியல்ல.

மார்ச் 16, திங்கள்

அறுபத்திரண்டு டிகிரி. யாருக்கு வேண்டும்.

மார்ச் 18, புதன்

அவளுடைய அடையாள அட்டை இங்கேயே கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். சகலை கதவைத் திறந்து, வாயில் விரல் வைத்து, தூங்குகிறாள் என்று ஜாடை காட்டினார். அவர் ஜாடை காட்டத் தேவையே இல்லை. அங்கே என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது.

அந்த வீட்டுக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி. சுவரை ஒட்டி அதன் பெரிய மோட்டார். காலை முதல் இருட்டும் வரை நிற்காமல் உறுமுகிறது. மேஜைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், ஒன்றரை அடி தள்ளி, என் மனைவி வாயைத் திறந்தபடி கும்பகர்ணன்போல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்தா படுத்ததும் தூங்கிடுறா, சகல" என்றார் அவர் என் காதருகே கத்தி. "அங்க என்ன, இதைவிடச் சத்தமா?"

அக்கா தட்டை எடுத்து வைத்தார். "சாப்பிட்டுப் போங்க தம்பி" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

அட்டையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்போ சத்தம் இல்ல. விசிறி இல்ல. கார்டு இல்ல. மோட்டார் பக்கத்துல தூங்குறவளுக்கு என் வீட்டுல தூக்கம் வரல — அப்போ என்ன அர்த்தம்? நான்தான. அவ்ளோதான. இத்தனை நாளா பெட்டியைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டு இருந்தேனே, பிரிச்சுப் பார்க்க வேண்டியது வேற ஏதோ.

வேலை ஓடவில்லை. யாரோ ஒருவரின் பால்கனி அரைகுறை வெயிலில் நிற்கிறது.

மார்ச் 20, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்விட்டேன். டியூட்டி முடித்து வந்தவள் என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள். "யாருக்கு என்ன?" என்றாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"என்னாலதான உனக்குத் தூக்கம் வரல?"

"உங்களாலயா?" டீயை இறக்கி வைத்தாள். "நீங்க சத்தமே போடறதில்லையே. பக்கத்துல உட்கார்ந்திருந்தாகூட இருக்கீங்களா இல்லையான்னு தெரியாது."

"ஐஸ் கம்பெனி மோட்டார் பக்கத்துல தூங்குற. வீட்டுல ஒரு விசிறிக்கு எழுந்துக்கற. நான் என்ன நினைக்கிறது?"

அவள் சிரிக்கத்தான் போனாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, ரொம்ப சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

"அந்த மோட்டார் ஒரே மாதிரி ஓடுது. எங்க வார்டுல மெஷின் எல்லாம் ஒரே மாதிரி ஓடிட்டு இருந்தா, எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். சத்தம் மாறினா யாருக்கோ முடியலன்னு அர்த்தம். உங்க கம்ப்யூட்டர் ஏறுது, இறங்குது. ஏறும்போதெல்லாம் எழுந்து நிக்கறேன். எழுந்து நின்ன பிறகுதான் வீட்டுல இருக்கோம்னே தெரியுது."

"இப்பதான் அடிக்கடி நின்னுடுதே..."

"அதான் மோசம். ஏறினா ஓடிப் போய் ஏதாவது செய்யலாம். நின்னுட்டா ஓடியும் பிரயோஜனமில்ல."

டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் ஆறிய டீயையே குடித்தோம்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"எனக்கே உங்ககிட்ட சொல்லும்போதுதான் தெரியுது. நீங்களும் எத்தனை டிகிரின்னுதான் தினமும் சொன்னீங்க. என்னன்னு கேட்கலையே."

எத்தனை நாளாக அவள் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாளோ. நான் பெருமையாக அதற்கு இடையிடையே நிசப்தமும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மார்ச் 21, சனி

கம்ப்யூட்டரில் விசிறியின் வேகத்துக்கு ஒரு வரைபடம் உண்டு. சூடு ஏற ஏறக் கோடும் மலை ஏறும். அதை இழுத்துத் தரையோடு தரையாக்கினேன். சூடு என்னவானாலும் ஒரே வேகம், அதுவும் மெதுவான வேகம். கார்டு அறுபத்தெட்டில் நிற்கிறது. ஒரு காலத்தில் இந்த ஆறு டிகிரிக்கு நான் துக்கம் கொண்டாடியிருப்பேன்.

மார்ச் 23, திங்கள்

தலையணை வந்தது. அவளும்.

படுத்துக் கொஞ்ச நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டை. இத்தனை வருடத்தில் அதை இவ்வளவு மகிழ்ச்சியோடு நான் கேட்டதில்லை. பத்துப் படங்கள், வரிசையாக, ஒரே ரீங்காரத்தில் முடிந்தன. பதினோராவது படம் கிடையாது. வேலை முடிந்தது. நல்ல பிள்ளையாகக் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

தடுப்பு அதிர்ந்தது. அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது, வெறுங்கால், கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கைகள் மட்டும் எதையோ அழுத்தத் தயாராக முன்னால் நீண்டிருந்தன.

"எந்த பெட்?" என்றாள்.

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கை சில்லென்றிருந்தது. "வீடு. நம்ம வீடு. யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என்னைப் பார்க்கும் வரை சொன்னேன்.

மார்ச் 31, செவ்வாய்

பிரஷ் பழைய குவளைக்குத் திரும்பிவிட்டது. சகலை போன் செய்து, "என்ன சகல, எங்க வீட்டு விருந்தாளியைக் கடத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

இன்றைய வேலை சின்னது, ஒரு வீட்டின் முன்வாசல் மட்டும். காலையிலேயே முடிந்துவிட்டது. அணைக்கவில்லை. கார்டு முப்பத்தாறு டிகிரி, கை வைத்தால் என் நெற்றியளவுதான். குளிர்விக்க அங்கே ஒன்றுமே இல்லை, விசிறிகள் மூன்றும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நான் எதிரில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவள் தானாக எழுந்து, சோம்பல் முறித்து, குளியலறைக் கதவைச் சாத்தியதும் அணைத்தேன்.