புது மெஷினில் டிஸ்க் போட இடம் உண்டா?

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நான், என் வீட்டுக்காரி, பாப்பா மூவரும் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் நான் எழுதிய மூன்று பக்கத்துக்கு நீ நாலு வரியில் பதில் போட்டிருந்தாய். அதிலும் ஒரு வரி அங்கே குளிர் என்று. அவ்வளவு பெரிய கம்பெனியில் காகிதத்துக்குமா பஞ்சம்?

போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதிக் கேட்கிறேன். கடையின் கட்டடக்காரர் புது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறார். ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் காலி செய்தால் மிச்ச வாடகை முழுவதையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டுமாம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்கிறார்.

என் பிழைப்பு உனக்குத் தெரியாததில்லை. விளையாடி முடித்த வீடியோ கேம் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் காசு போட்டு வேறொன்றை எடுத்துப்போகிறார்கள். உங்கள் கம்பெனி கொண்டுவரப்போகும் புது கேம் மெஷினில் டிஸ்க் போடும் இடமே இருக்காது, எல்லா கேமும் இணையத்தில் இறக்கிக்கொள்வதுதான் என்று ஆளாளுக்குப் பேசிக்கொள்கிறார்கள். அது நிஜமானால் நான் டிஸ்க்கை வைத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த மெஷினைத் திட்டம் போடுகிற குழுவில் நீ இருக்கிறாய். இருக்கும், இருக்காது, இரண்டில் ஒன்று சொல். போதும்.

உன் தம்பி,
வாலு

மார்ச் 14

அன்புள்ள வாலுவுக்கு,

நாலு வரி எழுதினால் குறைவு என்கிறாய், நாற்பது வரி எழுதினால் அக்கா புத்தி சொல்கிறாள் என்பாய். உன்னைத் திருப்திப்படுத்த யாரால் முடியும்? பாப்பாவின் பல் முளைத்த படத்தை மேசையில் வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதை என்னிடம் கேட்காதே. எங்கள் குழு வேலை செய்யும் அறைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. சோதனை மெஷினைப் பழைய கம்ப்யூட்டர் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சுத்தம் செய்ய வருகிற அம்மா போன வாரம் அதன் மேல் வாளியை வைத்துவிட்டார். பெரிய பெரிய இன்ஜினீயர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஊரறிந்ததை மட்டும் சொல்கிறேன். மெஷினை விற்பதில் எங்களுக்கு லாபமே கிடையாது, சில சமயம் கையைக் கடிக்கும். கேம் விற்றால்தான் காசு. உன் கடையில் ஒரு டிஸ்க் பத்துக் கை மாறினால் முதல் கைக்கு மட்டுமே எங்களுக்குப் பணம் வருகிறது. அப்படியிருக்க மேலே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன யோசிப்பார்கள் என்பதை நீயே யோசித்துக்கொள். இதற்கு மேல் சொன்னால் என் வேலை போய்விடும். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அக்கா,

யோசித்துக்கொள் என்றாய். யோசித்தேன். யோசித்து யோசித்து இரண்டு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

ஊர்க்காரர்களுக்குச் சொல்வதையே எனக்கும் சொல்ல நீ எதற்கு? அதைப் பேப்பரில் படித்துக்கொள்ள மாட்டேனா? நான் என்ன உங்கள் மெஷினின் படத்தையா கேட்டேன்? தப்பாகக் கையெழுத்துப் போட்டால் ஐந்து வருஷம் காலிக் கடைக்கு வாடகை கட்டுவேன். போடாமல் விட்டால் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் அந்த இடத்தை மறுநாளே எடுத்துக்கொள்வார், இப்போதே வந்து அளந்து பார்க்கிறார். உனக்கு வேலை பெரிது. சரி, எனக்கும் என் வேலை பெரிதுதான்.

பாப்பா சுகம்.

வாலு

மார்ச் 31

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தானுக்குத் தெரியாது. இந்தக் கடிதம் எழுதுவதும் தெரியாது.

டிஸ்க் போட இடம் இல்லை. எல்லாக் குழுவுக்கும் கொடுத்த திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே இடமும் மிச்சம், விலையும் குறையும், பழைய டிஸ்க் வியாபாரமும் ஒழியும் என்று கம்பெனித் தலைவரே வாய்விட்டுச் சொன்னார். ஒழியும் என்ற வார்த்தையைக் கேட்டபோது உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

கையெழுத்துப் போடாதே. இருப்பதை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு வேறு தொழில் பார். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. உன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதே.

அக்கா

ஏப்ரல் 19

வாலு,

ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? இங்கே என் உயிர் என்னிடம் இல்லை. புது மெஷினில் டிஸ்க் கிடையாது என்று ஒரு இணையப் பத்திரிகையில் வந்துவிட்டது. ஊரெல்லாம் ஒரே கூச்சல். பழைய டிஸ்க்கை எல்லாம் என்ன செய்வது என்று ஆட்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். கடைக்காரர்கள் உங்கள் மெஷினையே விற்க மாட்டோம் என்று கூடிப் பேசுகிறார்களாம்.

ஆபீசில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். நேற்று என் முறை. வெளியே யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

உன்னிடம் நேராகவே கேட்கிறேன். நீ யாரிடமாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் அதையாவது எழுது, திட்ட மாட்டேன். இப்படிச் சும்மா இருந்து என்னைக் கொல்லாதே.

அக்கா

மே 27

அன்புள்ள வாலுவுக்கு,

இன்றைக்குத்தான் நன்றாக மூச்சு விடுகிறேன். பத்திரிகைக்குச் சொன்ன ஆள் அகப்பட்டுவிட்டார். ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்த திட்டத்தில் வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சேர்த்து வைத்திருந்தார்களாம், குழுவுக்குக் குழு வேறு பொய். பத்திரிகையில் டிஸ்க் விஷயத்தோடு, திரையைக் கழற்றிக் கையில் எடுத்துப்போகலாம் என்றும் வந்திருந்தது. அந்தப் பொய் விளம்பரக் குழுவின் திட்டத்தில் மட்டும் இருந்தது. என் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்களச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சரி சரி என்று வந்துவிட்டேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு நானும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்று. இன்று காலையில் தலைவர் மேடையேறி அறிவித்ததைப் பார்த்திருப்பாய். ஊர் போட்ட கூச்சலில் திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். டிஸ்க் போடும் இடம் இருக்கிறது, பழைய டிஸ்க்கும் ஓடும். கூட்டமே எழுந்து கைதட்டியது. நான் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏப்ரல் முடிந்துவிட்டதே. என் பேச்சைக் கேட்டுக் கடையை விட்டிருப்பாயே. செருப்புக் கடைக்காரர் உன் அலமாரிகளைக் கழற்றிப் போட்டிருப்பாரே. நல்லது செய்கிறேன் என்று உன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன். நீ எழுதாமல் இருப்பது நியாயம்தான். என்றாலும் எழுது.

அக்கா

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கடை இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி, மிச்சத்தைப் பிறகு படி.

உன் கடிதம் வந்த மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்து வருஷத்துக்கு. நீ சொன்னதை நம்பாமல் இல்லை, அக்கா. ஒவ்வொரு எழுத்தையும் நம்பினேன். அதனால்தான் போட்டேன்.

நான் யாருடைய தம்பி என்று இந்தத் தொழிலில் தெரியாத ஆள் இல்லை. சரக்குப் போட வருகிறவர் என்னிடம் முதலில் கேட்பதே அக்கா என்ன சொல்கிறார் என்றுதான். நான் கடையைக் காலி செய்தால், ஏன் ஒரு அலமாரியைக் குறைத்தால்கூட, ஊருக்கே செய்தி போய்விடும். அந்தச் செய்தி எங்கே இருந்து வந்தது என்று கண்டுபிடிக்க விசாரணை எல்லாம் வேண்டாம். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே சரக்கு எடுத்தேன். சரக்குக்காரர் சிரித்துக்கொண்டே போனார்.

பதில் எழுதாததும் அதற்காகத்தான். நான் எழுதினால் நீ மறுபடி எழுதுவாய். அந்த விஷயம் உன் கையெழுத்தில் இன்னொரு காகிதத்தில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீ சொன்னாயா என்று கேட்டபோது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு மடங்கு கேட்டிருப்பேன்.

ஒப்பந்தத்தில் என் கையெழுத்து கோணிப்போயிருந்ததை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். ராத்திரி மூட்டை தூக்கியதில் கை வலி என்று சமாளித்தேன். தலைவர் அறிவித்த அன்று கடையில் கூடியிருந்தவர்கள் போட்ட சத்தத்தில் நான் சரக்கு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் பின்னாலேயே வந்தாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அக்காவுக்காகப் போட்டீங்க, சரி. என்கிட்ட சொல்லியிருந்தா நானும் உங்ககூடச் சேர்ந்து பயந்திருப்பேன்ல" என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. உனக்கும் ஒன்று சொல்கிறேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை அத்தானிடம் சொல்லிவிடு. பாவம், அவரும் மனுஷன்தான்.

அதற்கடுத்த மெஷினில் என்ன வரும் என்று இன்னும் நாலு வருஷத்தில் நான் மறுபடி கேட்பேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். நீ சொல்லாதே.

உன் தம்பி,
வாலு