சர்வர் விழட்டும்

செவ்வாய்
காலையிலிருந்து மழை. ஈப்போவே சொதசொத.

டைரக்டரி சர்வர் பற்றி எச்சரிக்கை வந்திருக்கிறது. கல்லூரியின் மொத்த லாகினும் அதன் கையில். நம்முடையது பழைய பதிப்பு, மெமரி ஓட்டை. மிக நீளமான தேடல் ஒன்று போனால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிட்டுப் படுத்துவிடும். பாஸ்வேர்டுகூட வேண்டாம். சோதனை மெஷினில் அனுப்பிப் பார்த்தேன். படுத்தது.

மேனேஜர் அருள் அண்ணனிடம் ஓடினேன், அப்டேட் போட்டால் சரியாகும் என்று. "ஓடுற சர்வர நோண்டுனா சூசாலா, வம்பாயிரும், ரீட்டா. வெள்ளிக்கிழம போர்ட் மீட்டிங் முடியட்டும்."

இஞ்சி, சோப்பு வாங்கணும்.

புதன்
சர்வர் விழுந்தது. ஆன்லைன் தேர்வு பாதியில். சுங்காய் ஊரிலிருந்து வந்து படிக்கும் கவிதா லேப் வாசலில் அழுகை.

அருள் அண்ணன் முதல்வரிடம், என்னை வைத்துக்கொண்டே: "ரீட்டா என்கிட்ட ஒண்ணுமே சொல்லல சார்."

சொன்னேன் என்றேன். "எழுதிக் குடுத்தியா?" என்றார் அருள் அண்ணன்.

என் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பது பற்றி யோசிக்கணுமாம், முதல்வர். மாதா கோயிலில் எங்களுக்கு முன் வரிசைக்காரன் இந்த அருள். நாக்கு அழுகட்டும்.

இஞ்சி மறந்தேன்.

வியாழன்
வீட்டுக்காரர்: "விடு, ஆண்டவர் பார்த்துக்குவாரு."
"ஆண்டவருக்கு சர்வர் பார்க்கத் தெரியுமா?"
இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார்.

நாளை போர்டுக்கு முன் அருளின் டெமோ, எழுப்பி வைத்த அதே பழைய சர்வரில். அந்த நீளத் தேடல், ஒரே ஒரு வரி, நான் அனுப்பினால் போதும். நினைக்கவே இனிக்கிறது.

வெள்ளி
புது டை கட்டி வந்திருந்தான். வரி தயார், விரல் எண்டர் மேல். பக்கத்து லேபில் மறுதேர்வு. கண்ணாடி வழியே கவிதா.

அழித்துவிட்டேன். நல்ல மனசெல்லாம் இல்லை. அடி அவனுக்கு விழணும், அவளுக்கு எதற்கு. போர்ட் கைதட்டியது. வயிறு எரிகிறது.

சனி
புழுக்கம். துணி காயவில்லை. அருள் அண்ணன் ஃபோன். குரலில் தேன்.

"நாளைக்கு பூசை முடிஞ்சு அந்த அப்டேட்ட போட்டுரும்மா. யாருக்கும் தெரிய வேணாம்."

"வாரேன் அண்ணே. மெசேஜ்ல போட்டு வுடுங்க, மறந்துருவேன்."

போட்டுவிட்டான், மடையன். "நீ செவ்வாக்கெழம சொன்ன அப்டேட்ட போட்டுரு. முதல்வர்கிட்ட சொல்லாத."

மூன்று முறை படித்தேன். இரண்டு தட்டு சோறு.

ஞாயிறு
பூசையில் சமாதானம் சொல்லும் நேரம். திரும்பிக் கை நீட்டினான். கொடுத்தேன். சிரித்தும் வைத்தேன்.

நேராக ஆபீஸ். அப்டேட் போட்டேன். பழைய வரியை அனுப்பிப் பார்த்தேன், சர்வர் அசையவில்லை. பிள்ளைகளுக்கு இனிப் பயமில்லை.

பிறகு அவன் மெசேஜை அப்படியே முதல்வருக்குத் தள்ளிவிட்டேன். படித்துவிட்டார், நீல டிக்.

ஃபோன் அடிக்கிறது. அருள் அண்ணன். அடிக்கட்டும்.