காலி அறையின் மூச்சு

நாள் 3 | காலை 7:10 | 'நீலவேணி' பயணக் கப்பல், அறை 8114

தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம். தென்மேற்குக் காற்று, மிதம். குளிரூட்டிகள் நான்கும் ஓடுகின்றன. வடிகட்டிகள் சுத்தம். எல்லா மூக்கும் பச்சை.

நிர்வாகத்துக்கான பதிவைக் கணினியே எழுதிக்கொள்ளும். இது நான் எழுதுவது. பெயர் இன்னாசி மோத்தா, கப்பலின் காற்றுப் பொறியாளர். யார் கையில் கிடைக்கிறதோ அவர் படித்துக்கொள்ளலாம்.

போன பயணத்தின் பயணிகள் இறங்கிவிட்டார்கள். அடுத்த பயணத்துக்கு இரண்டாயிரம் பேர் கரையில் காத்திருக்கிறார்கள். நடுவில் பன்னிரண்டு நாள் ஊழியர்கள் ஆளுக்கொரு அறையில் அடைந்து கிடக்க வேண்டும். பூசணக் காய்ச்சல் காலத்துச் சட்டம். நுரையீரலில் பூசணம் பிடிக்கும் நோய் அது. ரத்தத்தில் தெரிய வாரக்கணக்கில் ஆகும். மூச்சில் முதலிலேயே தெரிந்துவிடும். அதனால் ஒவ்வோர் அறையிலும் காற்று வெளியேறும் துவாரத்தில் ஒரு கருவி இருக்கிறது. நாங்கள் அதை மூக்கு என்போம். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் இரண்டாம் தளத்து வார்டு. அங்கே போய்த் திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குப் பயணிகளின் பால்கனி அறை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு சொகுசை நான் கண்டதில்லை.

நாள் 4 | மாலை 5:30

மீராசா போன் செய்தார். காயல்பட்டினத்துக்காரர், கப்பலின் ரொட்டி மாஸ்டர், எனக்குப் பல வருடக் கூட்டாளி. என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் 8117 அவருடையது. உள்ளறை. ஜன்னல் கிடையாது.

"என்னவே இன்னாசி, பெட்டிக்குள்ள போட்டு அடச்ச மாதிரி இருக்கு. நெஞ்சு படபடங்கு. நீருதான கப்பலுக்கே காத்து குடுக்க ஆளு? கொஞ்சம் கடக்காத்து இந்தப் பக்கம் விடும்வே. அல்லாவுக்காகக் கேக்கேன்."

அறைக்கு அறை காற்று கலக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டு அறைக்கும் நடுவில் குழாயில் ஓர் அடைப்புத் தகடு இருக்கிறது. அதைத் திறக்கும் அதிகாரம் கப்பலில் ஒருவனுக்குத்தான், அந்த ஒருவன் நான். இரண்டு மூக்கும் பச்சை. என்ன ஆகிவிடும்? பால்கனிக் கதவைத் திறந்து வைத்தேன். தகட்டையும் திறந்தேன். என் அறையின் சொந்த வெளியேற்றுக் குழாயை விட்டுவிட்டு, காற்று முழுவதும் மீராசா அறை வழியாக வெளியே ஓடியது.

"யா அல்லா! உப்பு வாட அடிக்கிவே! நீரு நல்லா இருப்பீரு."

பெருமையாக இருந்தது. மறைப்பானேன்?

நாள் 7 | காலை 9:05

8117 மூக்கு சிவப்பு.

வெள்ளை உடைக்காரர்கள் வந்து மீராசாவைக் கூட்டிப் போனார்கள். போகிற வழியில் போன் செய்தார். "பூசணம் புடிச்ச ரொட்டியத் தூக்கித்தானவே போடணும். நீரு பயப்படாதிரும்." சிரிக்கவும் செய்தார்.

தகட்டை மூடப் போனேன். திறந்த நேரத்தை யாரும் கவனிக்கவில்லை; இப்போது மூடினால் அந்த நேரமும் கணினியில் பதிவாகும், சிவப்போடு சேர்த்துப் பார்த்து ஏன் திறந்திருந்தது என்று கேட்பார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.

நாள் 8 | பகல் 11:40

கரையிலிருந்து போனில் சுகாதார அதிகாரி டாக்டர் வாகினி. "இன்னாசி சார், 8117-க்கு ரெண்டு தடவை மருந்தடிச்சாச்சு. உள்ள ஆளே இல்ல. ஆனா மூக்கு இன்னும் சிவப்பாவே இருக்கு. எப்படி சார்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நாள் 8 | பகல் 2:15

பார்த்துவிட்டேன்.

பால்கனிக்குப் போய்க் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்தில் 8117 மூக்கு பச்சையானது. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். சிவப்பானது. மறுபடி வெளியே போனேன். பச்சை. மறுபடி உள்ளே. சிவப்பு.

நூற்றில் ஒருவர் இருமல் கூட இல்லாமல் மாதக்கணக்கில் மூச்சில் பூசணம் சுமப்பாராம். அந்த ஒருவன் நான். தகட்டைத் திறந்த நாள்வரை அது என் மூச்சில் ஏறியிருக்கவில்லை; ஏறிய பிறகு என் மூச்சு என் மூக்குப் பக்கமே போகவில்லை. மீராசா அறைக்குப் போய், மீராசா பெயரில் சிவப்பு காட்டியிருக்கிறது. அவருக்கு நோய் வராமலே கூட இருந்திருக்கலாம். அவரை வார்டுக்கு அனுப்பியது நான்.

நாள் 8 | மாலை 6:20

வார்டிலிருந்து மீராசா. "நான் நல்லாத்தான் இருக்கேன்வே. கண்ணாடி ரூம்ல தனியாப் போட்டிருக்காங்க. பக்கத்து ரூம்ல நம்ம லாண்டரி செல்லப்பா தண்ணி தண்ணின்னு கெடக்கான், ஏன்னு கேக்க நாதி இல்ல. எனக்குத்தான் வந்தாச்சே, இனி என்ன? நாந்தான் போயி ஊட்டி விடுதேன். ராத்திரியெல்லாம் எங்கையப் புடிச்சுக்கிட்டே கெடந்தான்."

அங்கே போகாதீர், உமக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதை விட்டுவிட்டு, சாப்பிட்டீரா என்று கேட்டேன்.

எனக்கு அந்த வார்டைப் பார்த்துப் பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

நாள் 9 | காலை 10:00

டாக்டர் வாகினி. "சார், அந்த மூக்கு பழுதா இருக்குமோ? பழுதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா மீராசாவை வெளிய விட்டுடலாம். தனி ரூம்லதானே இருந்தார், யாரையும் தொட்டிருக்க மாட்டார். நீங்க என்ன சொல்றீங்க?"

பாருங்கள், தப்பிக்க வழி எவ்வளவு அழகாக வந்து வாசலில் நிற்கிறது! மீராசா வெளியே வந்துவிடுவார். நானும் மாட்டமாட்டேன். நல்லதுதானே செய்கிறோம் என்று மனசு பூசி மெழுகியது. செல்லப்பாவுக்கு அவர் தண்ணீர் ஊட்டியது டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

'கருவி பழுது' என்று எழுதி அனுப்பினேன். 8117 மூக்கைக் கணினியிலிருந்து துண்டித்தேன். தகடு பன்னிரண்டாம் நாள்வரை திறந்தபடியே இருக்கட்டும், மூடினால் என் மூக்கு சிவந்துவிடும்.

பிறகு மீராசாவுக்குப் போன் செய்து, செல்லப்பா பக்கம் போனதைச் சொல்ல வேண்டாம் என்றேன்.

"பொய் சொல்லணுமாவே?"

உம் நல்லதுக்குத்தான் என்றேன்.

"சரிவே. நீரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நாள் 12 | மாலை 4:00

கதவுகள் திறந்துவிட்டன. பயணிகள் ஏறுகிறார்கள். மேல்தளத்தில் பாண்டு வாத்தியம், பலூன், கைக்குழந்தைகள்.

மீராசா நடைபாதையில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். என்ன ஒரு கேவலம்.

இரண்டு முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன். தனியாகச் சாப்பிடுகிறேன். இயந்திர அறையில் படுத்துக்கொள்ளப் போகிறேன், அங்கே மூக்கு கிடையாது. இவ்வளவு கவனமாக இருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கப்பல் முழுவதற்குமான காற்று அந்த அறையிலிருந்துதான் புறப்படுகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பயணம், நாள் 5 | காலை 8:30

கப்பல் புறப்படுமுன் கரை ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட்ட செல்லப்பா இறந்துவிட்டதாகக் கரையிலிருந்து செய்தி. மீராசா இன்று அடுப்படிக்கு வரவில்லை. பயணிகள் தளங்களில் மூக்குகள் ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன.

பயணம், நாள் 6 | பகல் 1:10

மீராசா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

"செல்லப்பாகிட்டருந்துதான் வந்திருக்கும்வே. நான் டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உம்ம பேர இழுக்கல. இத்தன புள்ளயளுக்கு இந்தக் கையாலதான ரொட்டி சுட்டுக் குடுத்தேன்? படச்சவன் கேட்டா என்னவே சொல்லுவேன்?"

நீர் இல்லை, நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

பயணம், நாள் 7 | காலை 6:00

மீராசா மவுத்தாகிவிட்டார். நோயைக் கப்பலில் பரப்பியவர் அவர்தான் என்று, அவர் வாக்குமூலத்தை வைத்தே, நிர்வாகம் அறிக்கை அனுப்பிவிட்டது.

காற்றை நிறுத்தச் சொல்லி உத்தரவு. எல்லா விசிறிகளையும் நிறுத்தினேன். இயந்திர அறையில் இனி வேலை இல்லை, காலியாகிவிட்ட என் பழைய அறைக்கே போகச் சொன்னார்கள். காற்று ஓடாவிட்டால் மூக்குகளும் வேலை செய்யாது. யார் பச்சை, யார் சிவப்பு என்று இனிப் பழைய பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பயணம், நாள் 7 | காலை 9:20 | மீண்டும் அறை 8114

போனில் டாக்டர் வாகினி. "சார், காய்ச்சல் வராத குழந்தைங்க பதினாலு பேரைத் தனியாப் பிரிச்சிருக்கோம். மேல்தளத்து அறை ஒண்ணுல பூட்டி வச்சு, ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் ஒருத்தர் கூடவே இருக்கணும். பன்னிரண்டு நாளும் பச்சையா இருந்து, அப்புறமும் யார்கூடவும் சேராம தனியாவே இருந்தவர் நீங்க ஒருத்தர்தான். குழந்தைங்களை உங்க அறைக்கு அனுப்பியாச்சு."

9:26

சொல்லிவிட்டேன். தகடு, 8117, பழுது என்று எழுதிய பொய், செல்லப்பா, மீராசா, எல்லாவற்றையும். நடுவில் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. மீராசாமேல் ஒரு பிழையும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்று கத்தினேன்.

9:31

டாக்டர் வாகினி. "சார், கூட்டாளி போன துக்கத்துல பேசறீங்க. காலையிலேர்ந்து நாலு பேர் இதே மாதிரி என்னாலதான்னு அழுதுட்டாங்க. உங்க ரெக்கார்டு என் முன்னாடி இருக்கு. பன்னிரண்டு நாளும் பச்சை. நீங்கதான் சார் கப்பல்லயே சுத்தமான ஆள். தயவுசெஞ்சு கதவைத் திறங்க."

9:33

தாழ்ப்பாளைப் போட்டு, கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். போய்விடுங்கள் என்று உள்ளிருந்து கத்துகிறேன். யாரும் போகவில்லை. ஒரு பெண்குழந்தை அழுகிறது. யாரோ மாஸ்டர் சாவியைக் கொண்டு வருகிறார்கள், சத்தம் கே