வீடியோவில் ஆடிய விரல்கள்

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், நம் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் தன் போனில் பின்பால் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். டக், டக் என்று துடுப்புகள் பந்தை அடிக்கிற அந்தச் சத்தம். சோற்றில் வைத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் முதலில் வருவது அழுகை இல்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்குக் காகித வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸ், நம் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. ஒருநாள் கப்பல்காரர்கள் தங்கும் விடுதிக்குக் காகிதம் கொடுக்கப் போன இடத்தில், மூலையில் ஒரு பழைய பின்பால் மெஷின் நின்றது. சாய்ந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புப் பந்து உருண்டு வரும். அது கீழே விழுந்துவிடாமல் இரண்டு துடுப்புகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். நான் ஆடினேன். “ஏளா, ஒன் கை என்ன இப்பிடிப் பறக்கு?” என்றாய். அதற்குப் பிறகுதான் போனிலும் டேப்லட்டிலும் வருகிற பின்பால் கேம்களை ஒவ்வொன்றாக இறக்கி, எது அந்த மெஷின் மாதிரி இருக்கிறது என்று ஒப்பிட ஆரம்பித்தோம்.

அதற்கு என்னிடம் ஒரு சோதனை இருந்தது. துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தை வரவிடுவேன். நிஜ மெஷினில் அது வேகம் குறைந்து, லேசாக முன்னும் பின்னும் அசைந்து, துடுப்பின் மடியில் படுக்கும். சில கேம்களில் பசை தடவியது போல ஒட்டிக்கொள்ளும். சிலவற்றில் பிளாஸ்டிக் பந்து போலத் துள்ளும். படமும் வெளிச்சமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான் சொல்வதை நீ எடுத்துப் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். யூடியூபில் சானல் தொடங்கினோம். உன் குரல், என் ஆட்டம். முகம் காட்ட நான் கூச்சப்பட்டதால் டேப்லட்டைப் பிடித்த என் விரல்கள் மட்டும் தெரியும். “ரெண்டு பேரு சேந்தாத்தாம்ளா ஒரு வீடியோ” என்று சொன்னவள் நீதான்.

பிறகு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, இன்னும் வெளிவராத தங்கள் கேமை ஆடிப் பார்த்துக் குறை சொல்லும்படி சானலுக்கு எழுதியிருக்கிறது. அதை நீ என்னிடம் சொல்லவில்லை. “வழக்கம்போல ஒரு கேமு, ஆடிப் பாரு” என்று டேப்லட்டை நீட்டினாய். சாப்பாட்டு நேரமெல்லாம் ஆடினேன், நீ படம் பிடித்தாய். பந்துக்குக் கனம் போதாது, இடப்பக்க ஏற்றத்தில் சிக்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய்.

கேம் வெளிவந்தபோது நான் சொன்ன குறையெல்லாம் அதில் சரியாகியிருந்தது. நன்றி சொல்லும் திரையில் உன் பெயர் மட்டும் இருந்தது. உன் புது வீடியோவில் என் விரல்கள் ஆட, உன் குரல் சொன்னது: “இது நான் தனியா ஆடிப் பாத்துக் கண்டுபிடிச்சது.”

நேரே வந்து கேட்டேன். நீ ஃபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒன் பேரையும் சேத்தா அவங்களுக்குக் கொழப்பமா இருக்கும்ளா. ஒரு வெளையாட்டுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?”

விளையாட்டுதான். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே அறியப்படுகிற எனக்கு, நானாகச் செய்து நன்றாக வந்த காரியம் அது ஒன்றுதான். அது உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றோடு நம் பேச்சு நின்றது. நீ மேசையை மாற்றிக்கொண்டாய். சில மாதங்களில், தலைக்குள் ரத்தம் கசிந்து ஒரே நாளில் போய்விட்டாய். உன்னைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே தங்கிவிட்டன.

காரியமெல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா, புரை விழுந்த கண்ணுக்கு மிக அருகில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நம் வீடியோ ஓடியது.

“வா மவளே. இங்கன இரி. இதப் பாரு, எம் புள்ள வெரலு. மொகந்தான் இல்ல, வெரலாவது இருக்கே. தெனமும் பாக்கேன்.”

சேலைத் தலைப்புக்குள் என் கைகளை இழுத்துக்கொண்டேன். “அம்மா, அது...” என்று தொடங்கினேன். அவள் திரையில் என் கட்டைவிரலைத் தடவிக்கொண்டிருந்தாள். செத்த பிறகும் என்னைப் பேசவிடாமல் செய்துவிட்டாயே என்று உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

“தனியாவே ஆடிக் கண்டுபிடிப்பாளாமே. நீ கூட இருந்து பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேம்மா. நல்லா ஆடுவா.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இப்போதும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்கிறாள், நானும் அதையேதான் சொல்கிறேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே, உன் பொய்யை உனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.