சிங்கக் கிணற்றருகே நீலச் சட்டை

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். தம்பி ராஜேஷ் காலையிலேயே மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்துவிட்டான். மிஞ்சிய வர்ணத்தில் தன் பைக்குக்கும் ஒரு இழுப்பு. அம்மா திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம் போகலாம் என்று அவளே சொன்னதுதான் அதிசயம். கீழப்பழுவூரிலிருந்து ஒரே பஸ். ஆனால் நான் எப்போது கேட்டாலும், "அந்தக் கோயிலு எங்க ஓடிப் போவுது?" என்பவள். அன்றைக்கு என் லீவுக்குக் கடைசி நாள். மறுநாள் கோயம்புத்தூர் லேபில் ரத்தம் எடுக்க ஊசியோடு நிற்க வேண்டும். எதற்கு இந்த அலைச்சல்?

ஜனவரி 16, வியாழன்

பட்டுப்புடவை கட்டிக்கொள்ள வேண்டுமாம். புல்தரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடப் பட்டுப்புடவையா?

புரிந்துவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

ராஜேஷை உலுக்கியதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மாப்பிள்ளை ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர். அவர்களும் அன்றைக்குத் தற்செயலாகக் கோயிலுக்கு வருவார்கள்! வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவே பேசும். கோயிலில் என்றால், யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று இரண்டு வீடும் சாதித்துவிடலாம். படம் கொடுப்பதில்லை, அறிமுகமும் கிடையாது. அடையாளம் மட்டும்தான். சிங்கக் கிணற்றருகே, நீலச் சட்டை.

கோபம் அதற்கில்லை. என் முதல் கல்யாணத்தை அம்மா அவர்களிடம் சொல்லவில்லை. எட்டு மாதம் வாழ்ந்து, விவாகரத்தாகி ஐந்து வருஷம் ஆகிறது. கேட்டால், "மொதல்ல ஒன்னயப் புடிக்கட்டும். அப்பறமா பக்குவமா சொல்லிக்கலாம்" என்கிறாள். நான் என்ன அழுகின தக்காளியா, கூடைக்கு அடியில வச்சு விக்கிறதுக்கு?

நானே சொல்லிவிடுவேன். அம்மாக்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

ஜனவரி 19, ஞாயிறு

கோவை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

முதலில் மாளிகைமேடு, அப்புறம்தான் கோயில் என்று அடம்பிடித்தேன். ஷேர் ஆட்டோவில் போனோம். கடல் தாண்டிப் படை அனுப்பிய ராஜாவின் அரண்மனை இருந்த இடத்தில் இப்போது செங்கல் அடித்தளங்கள்தான் இருக்கின்றன. எனக்குப் பிடித்திருந்தது. இது வாசல், இது படுக்கையறை என்று நானே கட்டிப் பார்த்துக்கொண்டு சுற்றினேன். அம்மா புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி, "இதப் பாக்கவாடி கூட்டியாந்த?" என்றாள்.

கோயிலில் விடுமுறைக் கூட்டம். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த ஒரு நிமிஷம் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது. கழுத்து வலித்தபோது நினைவு வந்தது. அம்மாவும் ராஜேஷும் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனார்கள். நான் நழுவினேன்.

கிணற்றுக்கு மேல் பெரிய சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் நீலச் சட்டை நின்றது. நேரே போய்ப் படபடவென்று ஆரம்பித்தேன். "நீங்க எதுவும் பேசாதீங்க, நான் சொல்லிடறேன். எனக்கு ஏற்கெனவே கல்யாணமாயி டைவர்ஸ் ஆயிடுச்சு. ஒங்ககிட்ட மறைச்சுட்டாங்க, மன்னிச்சுக்கங்க. வேலையையும் விட மாட்டேன், மன்னிச்சுக்கங்க. புடிக்கலன்னா இப்பயே சொல்லிடுங்க."

முழுவதும் கேட்டார். "சரிங்க. ஆனா எனக்கு ஊரு வேப்பந்தட்டைங்க. அக்கா புள்ள செருப்பத் தொலைச்சுட்டான், தேடிக்கிட்டு நிக்கிறேன்."

அந்தக் கிணற்றிலேயே குதித்திருப்பேன். கம்பிக் கதவு போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "அந்த ஆளு வந்தா இதையேதான் சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"நல்லாத்தாங்க சொன்னீங்க. எதுக்கு அத்தன மன்னிப்பு? அத மட்டும் எடுத்துருங்க."

அதற்குள் அவருடைய அக்கா குடும்பம் வந்துவிட்டது. ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். அவர்கள் போனில் சார்ஜ் இல்லை. என் போனில் எடுத்து, அனுப்புவதற்கு அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். பெயர் காசிநாதன். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாராம்.

நிஜ மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வந்தார். நல்ல காரியம் என்று கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டாராம். "அட, நீங்களும் வந்தீங்களா!" என்று இரண்டு அம்மாக்களும் ஆச்சரியப்பட்டதைப் பார்க்க வேண்டுமே! எங்களைச் சுற்றிப் பார்க்க அனுப்பினார்கள். பெரிய நந்திக்குப் பின்னால் வைத்துச் சொன்னேன். மன்னிப்பு கேட்கவில்லை.

நல்ல மனுஷன்தான். தரையைப் பார்த்தபடி, "அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேங்க" என்றார். கேட்டார். உடனே கிளம்பிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் உடையார்பாளையம் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "இப்ப திருப்தியா ஒனக்கு?"

திருப்திதான். அழுகையும் வந்தது. ரெண்டும் ஒண்ணா வருமா? வருதே.

ஜனவரி 20, திங்கள்

படத்தை அனுப்பினேன். செருப்பு கிடைத்ததா என்று கேட்டேன். "ஒத்தச் செருப்பு கெடச்சுது" என்று பதில் வந்தது. லேபில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆலத்தியூரில் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா போனில் அழுதாள். "அந்தப் பக்கம் பூரா தெரிஞ்சு போச்சுடி." தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன். அழுகிறவளிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

காசிநாதன் இன்றும் பேசினார். மிக்ஸி மோட்டார் பற்றி. இந்தத் தேதியில் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா இவருக்கு? ஆனாலும் போனை நான் வைக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கேட்டுவிட்டார். அதுவும் எப்படி! "எங்க வூட்ல எல்லாத்தையும் சொல்லிட்டேங்க, டைவர்ஸையும் சேத்து. அம்மா ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வச்சிருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு. நீங்க வேலைய விட வேணாம். நான் அங்க வந்து கட போடறேன். கோயம்புத்தூர்ல மோட்டாருக்கா பஞ்சம்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? பயம்தான். பயந்துகொண்டே, கொஞ்ச நேரத்தில் நானே கூப்பிட்டுச் சரி என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காசிநாதன் வீட்டார் வெளிப்படையாகவே வீட்டுக்கு வந்தார்கள், தட்டு, பூ, பழத்தோடு. தெரு பார்த்தது. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அடுப்படிக்கு என்னை இழுத்துப் போய், "அவங்களுக்குத் தெரியுமாடி?" என்றாள்.

"மொதல் நாளே தெரியும்மா. நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சுமா வந்திருக்காங்க?"

தலையாட்டினேன். அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். காபி ஆறிப்போனது, மறுபடி சுட வைத்தோம்.

மே 25, ஞாயிறு

அரியலூரில் ஜவுளி எடுத்தோம். நான் மெல்லிய பச்சை நிறத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். இது போதும், எதற்கு ஆடம்பரம் என்று எனக்கே ஒரு எண்ணம். கடைக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பச்சைப் புடவையை மடித்து ஓரமாகத் தள்ளினாள்.

"எம் மவளுக்குத்தாங்க. ரெண்டாங் கல்யாணம். கூரப்பொடவையாவே எடுத்துப் போடுங்க, நல்ல செவப்பா."